மேட்னி அழுகை

"ஆறு வயசுக் குழந்தையைக் கொலைப் படத்துக்கு அனுப்பறேளே, இது நியாயமா?"

பக்கத்து வீட்டு சுப்பராமன் இப்படிக் கேட்டது பாத்திரக்கடை முத்துக்கருப்பனிடம். அவர் முன்னால் குரலை உயர்த்திப் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. சுப்பராமனுக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. பாங்கில் ஹெட் கிளார்க். போதாக்குறைக்கு, சினிமா பார்த்துக் கெட்டுப்போகும் குழந்தைகளைப் பற்றி வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரையை வேறு படித்துத் தொலைத்திருந்தார்.

"நான் எங்க சார் அனுப்புறேன்? பேத்தி அழுகுறா. அவ அழுதா எனக்குத் தாங்காது" என்றார் முத்துக்கருப்பன்.

அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கோமதி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவாள். சினிமாவுக்குப் போகணும். அப்பா மட்டும் வந்தால் போதாது, அம்மாவும் வரணும்.

தன் வீட்டுப் பெண்கள் சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று மகனின் நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டுச் சனத்துக்கும் முன்னால் சட்டம் போட்டவர் முத்துக்கருப்பன். பேத்தி மூக்கை உறிஞ்சினால் அந்தச் சட்டம் கரைந்துவிடும். கூட்டிக்கொண்டு போய்த் தொலையுங்கள் என்று துண்டை உதறியபடி தன் அறைக்குப் போய்விடுவார்.

போகிற படம் சாமி படமாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த வாரம் ஆரப்பாளையம் பக்கத்துக் கொட்டகையில் ஓடுகிற படத்துக்கு வாசல் விளம்பரத் தட்டியிலேயே ரத்தம் சொட்டியது.

சுப்பராமன் விடவில்லை. இப்படியே போனால் குழந்தை நாளைக்குக் கத்தியைத் தூக்கும் என்றார். கடைசியில் முத்துக்கருப்பன் ஒரு வழி சொன்னார்.

"இன்னைக்கு நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. பிள்ளைக்கு ஆகாதுன்னு நீங்க சொல்லிட்டா, இனிமே யாரு அழுதாலும் யாரும் போக வேணாம்."

அடுப்படியில் மருமகள் சொர்ணத்தின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. வாரம் பூராவும் ஆக்கி வடித்துக் கொட்டுகிறவளுக்கு வெளியே போக இருந்த ஒரே வழி அது.

மத்தியானம் வழக்கம்போல் கோமதி அழுதாள். முத்துக்கருப்பனின் மகன் கண்ணுச்சாமி மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினான். பின்னாலேயே சுப்பராமனும் போய், முழுக்க முழுக்க ஆராய்ச்சிக்காக ஒரு டிக்கெட் வாங்கினார்.

அவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் முதல் கொலை விழுந்துவிட்டது. நாலு வரிசை முன்னால் சொர்ணம் தெரிந்தாள். குழந்தையின் தலை தெரியவில்லை. பாவம், பயந்துபோய் மடியில் சுருண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பெற்றவளோ, வில்லன் ஆட்கள் அடி வாங்கும்போதெல்லாம் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் குரலைக்கூட அவர் சரியாகக் கேட்டதில்லை.

அடுத்த கொலையில் சுப்பராமனுக்கே நாக்கு வறண்டது. சோடா குடிக்கலாம் என்று வெளியே வந்தார்.

சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமர நிழலில் ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தான். கண்ணுச்சாமி.

"அப்பா, கோட்ட மிதிச்சிட்டீக. அவுட்டு" என்றாள் கோமதி.

சுப்பராமன் பக்கத்தில் போய், குழந்தை உள்ளே இல்லையா என்று கேட்டார். கண்ணுச்சாமி தூக்கின காலைக் கீழே வைக்க மறந்து நின்றான். கோமதிதான் பதில் சொன்னாள்.

"அடிதடிப் படம்லாம் சின்னப் பிள்ளைக பாக்கக் கூடாது மாமா. அம்மாவுக்குத்தான் சண்டைன்னா உசுரு. நான் அழுதாத்தான் அம்மாவத் தாத்தா விடுவாக."

"அழச் சொல்லி யார் சொல்லிக் கொடுத்தா?"

அவள் அப்பாவைக் கை காட்டினாள்.

கண்ணுச்சாமி வழிந்தான். மூக்கை உறிஞ்சுவது முதல் விக்குவது வரை அவனே அழுது காட்டிப் பழக்கினதாம். படம் முடிகிற வரைக்கும் அப்பாவும் மகளும் இங்கேயே ஆடிக்கொண்டிருப்பார்களாம். பிறகு அவன் குரல் இறங்கியது.

"எங்கய்யாகிட்ட சொல்லிராதீக சார். அவ சிரிக்கிறது வாரத்துல இந்த ஒரு நாளுதான்."

உள்ளே ஏதோ ஒரு வில்லன் செமத்தியாக வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கைதட்டல் வெளியே வரைக்கும் கேட்டது. தன் மனைவி பாலாம்பாளுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தார் சுப்பராமன். தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் முத்துக்கருப்பன் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"என்ன சார், பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா?"

"குழந்தை பயப்படவே இல்லை. ரொம்ப சந்தோஷமா இருந்தா. தாராளமா அனுப்பலாம்" என்றார் சுப்பராமன். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

முத்துக்கருப்பன் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன சொல்லிருவீகளோன்னு மத்தியானம் பூரா எனக்குக் கண்ணு மூடல சார். அம்புட்டுப் பேரு முன்னால சொன்ன வார்த்தை, நானா எப்படி மாத்துறது? எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. பிள்ளைக்கு அழச் சொல்லிக் குடுக்கிறத என் சன்னலுக்குக் கீழ நின்னு பண்ண வேணாம்னு கண்ணுச்சாமிகிட்ட நீங்க சொல்ற மாதிரி சொல்லிருங்க. உள்ள இருந்துக்கிட்டு எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."