மொட்டைமாடி விருந்து

காய்ச்சல் விட்ட பிறகு சகாயராஜுக்கு நாக்கில் ருசியே தெரியவில்லை. மனைவி மெர்லினிடம் அவன் அதைச் சொல்லவில்லை. ஹோட்டல் செலவு கட்டாது என்று, சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர்கள் மொட்டைமாடியில் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். அவள் ஆசையாகச் சமைப்பாள். முதல் கவளத்தை அவள் மெல்லும்போது அவள் முகம் போகும் போக்கைப் பார்த்து, "காரம் தூக்கல்" என்றோ "புளி கம்மி" என்றோ அவன் சொல்லிவிடுவான்.

அன்று நெத்திலிக் குழம்பு. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பிரமாதம்," என்றான்.

"வேணும்னுதான் உப்பே போடலங்க," என்றாள் மெர்லின். "எத்தன நாளா இப்படி?"

அவன் தலை கவிழ்ந்தான். "சொன்னா நீ சமைக்கிறதையே விட்டுருவியோன்னு..."

அவள் கீழே போய் உப்பு எடுத்துவந்து கலந்தாள். ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, அடுத்த வாயை அவனுக்கு ஊட்டினாள்.

"பூண்டு நல்லா வெந்திருக்கு. மெதுவா மெல்லுங்க. காரம் கடைசிலதான் வருது."

அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.