விரும்பிக் கேட்டவர்

முதல் சீட்டை வாசித்ததும் மண்டபமே சிரித்தது.

மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றவள் சிரிக்கவில்லை.

கச்சேரியில் யார் வேண்டுமானாலும் துண்டுச் சீட்டு அனுப்பலாம். பாட்டின் பெயர், கேட்பவர் பெயர், யாருக்காக என்று எழுதினால் போதும். பாடகி மைக்கில் வாசித்துவிட்டுப் பாடுவாள். அந்த முதல் சீட்டை எழுதியவர் மாப்பிள்ளையின் தாய்மாமா.

‘வாசல் நாயி வாலாட்டுது.’ சம்பந்திக்காக.

சம்பந்தி என்றால் மணப்பெண்ணின் அப்பா சுடலைமுத்து. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். மகளின் வரவேற்பு என்று பட்டு வேட்டி கட்டியிருந்தார். கட்டி என்ன செய்ய? மண்டப வாசலில் கார்கள் முட்டிக்கொண்டு நின்றதும் கை சும்மா இருக்கவில்லை. ரிவர்ஸ் வா, ரிவர்ஸ் வா என்று ஒதுக்கிவிட ஆரம்பித்துவிட்டார். தாய்மாமாவின் காருக்கு சல்யூட் வேறு அடித்துத் தொலைத்தார். பழக்க தோஷம்.

தாய்மாமா காரை நடுவாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனார். போன கையோடு பேனாவை எடுத்தார்.

ஊரே ஆடும் குத்துப்பாட்டு அது. முன்வரிசையில் அப்பாவும் தாளத்துக்குக் கை தட்டினார். விடிந்தால் முகூர்த்தம். பெண்ணைக் கொடுக்கிறவன் பொறுத்துத்தான் போக வேண்டும் என்று எவன் சொல்லிக்கொடுத்தானோ.

அவள் மேடையிலிருந்து அப்பாவின் கையையே பார்த்தாள்.

அவள் சித்தி பேச்சித்தாய் விடுவாளா? அடுத்த சீட்டு அவளுடையது.

‘அடுப்படிப் பூனைக்கு அஞ்சு வீடு.’ மாப்பிள்ளையின் அம்மாவுக்காக.

இப்போது சிரிப்பு இந்தப் பக்கம். மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. பின்வரிசையில் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். நல்ல கச்சேரி, நல்ல கல்யாணம்.

இதை நிறுத்த ஒரே ஆள்தான் உண்டு. அவள் பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக நிற்கிறவன்.

இரண்டு பக்கமும் போதும் என்று சொல்லும்படி அவன் காதில் கெஞ்சினாள். அவன் தலையாட்டினான். நண்பனிடம் பேனா வாங்கினான். சீட்டில் எழுதி, மடித்து, பாடகிக்கு அனுப்பினான்.

அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு நிமிடம் அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாடகி சீட்டைப் பிரித்தாள்.

மணப்பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு வாசித்தாள். மாப்பிள்ளை விரும்பிக் கேட்கிறார். தன் மாமனாருக்காக. ‘வாசல் நாயி’, ஒன்ஸ் மோர்.

விசில் பறந்தது. பக்கத்தில் அவன் காலால் தாளம் போட்டான்.

அப்பா கையைத் தூக்கினார். தட்டுவதற்குத்தான் தூக்கினார். முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் மாலையைக் கழற்றினாள். நாற்காலியில் வைத்தாள். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் போய்த்தான் நின்றாள்.

“எப்பா, வீட்டுச் சாவி ஒங்ககிட்டதான இருக்கு?”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார்.

எழுந்து முன்னால் நடந்தார்.

நடுவாசலில் அந்தக் கார் அப்படியே நின்றது. தாய்மாமா பின்னாலேயே ஓடி வந்தார். சம்பந்தி, சம்பந்தி என்று இப்போதுதான் வாய் நிறையக் கூப்பிட்டார்.

சுடலைமுத்து காரின் முகப்பில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“வண்டிய எடுல. எம்மவ போணும்.”