சாவி கொடுத்த காரணம்

“ஏனுங்க அக்கா, நல்லா யோசிச்சீங்களா? எந்தப் படத்துல பாத்தாலும் இவங்கதானுங்க கஞ்சா விக்கறாங்க” என்றார் எதிர்வீட்டுப் பழனிமுத்து.

சாரதாமணி யோசித்து முடித்தாகிவிட்டது. காலியாகக் கிடந்த மாடி வீடு நைஜீரியாக்காரர் இம்மானுவேலுக்குத்தான். பனியன் சரக்கு வாங்கித் தன் ஊருக்கு அனுப்புகிற வியாபாரி. மனைவியும் கைக்குழந்தையும் வந்து இறங்குவதற்குள் ஒரு வீடு வேண்டுமென்று திருப்பூர் ராயபுரம் முழுக்க அலைந்திருக்கிறார். ‘டு-லெட்’ பலகை தொங்கிய வீடுகளில்கூட, அவர் முகத்தைப் பார்த்ததும் ஆள் வந்தாயிற்று என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாரதாமணியோ பார்த்த மாத்திரத்தில் சாவியை எடுத்து நீட்டிவிட்டாள். ஏன் என்று பழனிமுத்து துருவித் துருவிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம் தெரிந்தால் தெருவே செல்போனைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை மாடியில் பால் காய்ச்சினார்கள். சாரதாமணியே அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியதும் முதல் டம்ளரை இம்மானுவேல் அவளிடம் கொடுத்தார். திருப்பூருக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“ஆரும் ஊடு குடுக்கலீங்க அம்மா. நீங்க மட்டும்தான் குடுத்தீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க.”

சொல்லிவிட்டுக் கைகூப்பினார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மனைவியின் கண் கலங்கியிருந்தது. சாரதாமணிக்கு மனசு இளகிவிட்டது. இனியும் மறைப்பானேன்?

“நாந்தானுங்க நன்றி சொல்லோணும். அந்தப் படத்துல டாக்டரா வந்து, ஹீரோயின் புள்ளையோட அம்மாவை விடிய விடிய பக்கத்துலயே உக்காந்து பொழைக்க வெச்சீங்களே! எங்கம்மா நெனப்பு வந்து தியேட்டர்ல நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். வாசல்ல பாத்ததுமே உங்களைக் கண்டுபுடிச்சுட்டேன்.”

இம்மானுவேல் மனைவியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“டாக்டரா வந்தது வேற ஆளுங்க அம்மா. போன தீபாவளிப் படத்துல, கஞ்சா வித்து ஹீரோகிட்ட அடி வாங்குவானே, அவன்தானுங்க நான். வெளிநாட்டு ஆளு வேணும்னு கூப்புட்டாங்க, நடிச்சேனுங்க.”

சாரதாமணி சாவியை அவர் பக்கமே தள்ளிவிட்டு, அவர் கன்னத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

“அத்தனை அடியும் உங்களுக்குத்தானுங்களா? ரொம்ப வலிச்சுதா கண்ணு?”