கவிழ்த்த படகு

அந்த ஏரிக்கரையில் வீடுகள் பெண்களுடையவை. ஒருத்தியைத் தேடி வரும் ஆண், தன் படகின் கயிற்றைக் கரையில் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவளுடைய தாய் அதைக் கட்டினால் அந்த வீட்டில் இருக்கலாம். கட்டாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். செவந்தியோடு வாழ்வதற்காக நகரத்து வேலையை விட்டு வந்த சாத்தையனுக்கு இது தெரியாது. படகு மிதந்து போய்விடுமே என்று அவனே மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டான். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். “அக்கா, ஓடி வா! ஒருத்தரு தன்னைத் தானே கட்டிக்கிட்டாரு!” செவந்தியின் தாய் ஒச்சம்மா இடுப்பில் மீன் கூடையும் சேற்றுக் காலுமாக வந்தாள். சிரிக்கவில்லை. முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கயிற்றைப் படகுக்குள் எறிந்தாள். “தெரியாமப் பண்ணிட்டாரும்மா” என்றாள் பின்னாலேயே ஓடிவந்த செவந்தி. “தெரியலன்னா கேக்கணும்.” சாத்தையன் படகைத் தண்ணீரில் தள்ளக் குனிந்தான். “கைய எடுங்க” என்றாள் ஒச்சம்மா. சிரித்த பெண்களைக் கூப்பிட்டுப் படகைக் கரைமேல் இழுத்தாள், கவிழ்த்தாள், கூடையிலிருந்த மீனை அதன் முதுகில் பரப்பினாள். “இது காயட்டும். அப்புறம் போலாம்.” “எத்தனை நாளாகும்?” என்று கேட்டான். “வெயிலக் கேளுங்க. அங்க காக்கா வருது, விரட்டுங்க.” அவன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு படகருகே உட்கார்ந்தான். மீன் நன்றாகக் காய்ந்ததும் ஒச்சம்மா வந்து அள்ளிக்கொண்டாள். அவள் இடுப்பில் இன்னொரு கூடை மீன் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.