சரியாக எடுத்த ஒரே காட்சி

“அது நாப்பத்திரெண்டுல கெடையாதே!”

திரையில் ஜெர்மன் டாங்கி மணல்மேட்டின் மேல் முழுதாக ஏறக்கூட இல்லை. அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து தொமினிக் அதைப் பிடித்துவிட்டார்.

“அமெரிக்காக்காரன் வண்டிங்க. யுத்தம் முடிஞ்சப்புறம் செஞ்சது. மேல ஒரு சிலுவைய வரைஞ்சிட்டா ஜெர்மன் டாங்கி ஆயிடுமா?”

கொட்டகையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1959-இல் புதுச்சேரியில் யுத்தப் படம் பார்ப்பது என்றால் தொமினிக்கையும் சேர்த்துக் கேட்பதுதான்.

முத்தியால்பேட்டையில் அவருக்கு சொல்தா தொமினிக், அதாவது சிப்பாய் தொமினிக் என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். எதிரியை எப்போதாவது சுட்டாரா என்பது தெரியாது. ஆனால் பொத்தானைப் பார்த்தே எந்த வருஷத்துச் சட்டை என்று சொல்வார். சொல்லாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

போன மாதம் ஒரு தளபதி கட்டியிருந்த கைக்கடிகாரத்தை இடைவேளை வரை அவர் மன்னிக்கவில்லை. கேட்டில் நிற்கும் தணிகாசலம் வந்து கும்பிட்டும் பார்த்தான். அவனுக்கும் கடிகாரத்தைப் பற்றி விளக்கம் கிடைத்தது.

இன்றைய படம் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடந்த ஒரு முற்றுகை. வசனமெல்லாம் பிரெஞ்சு. புரியாதவர்களுக்குத் தொமினிக் போதும்.

பதுங்கு குழியில் உட்கார்ந்து ஒரு சிப்பாய் தன் மனைவிக்குக் கடிதம் எழுதினான்.

“பால்பாயின்ட் பேனா! எங்களுக்கு ஒரு பென்சில் துண்டுகூட கெடைக்கல.”

பின்வரிசையில் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் வானத்தையும் விடவில்லை. மேலே வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போனது ஜெட் விமானமாம். படத்தை எடுத்தவர் நல்லவேளையாகப் பாரீசில் இருந்தார்.

அப்போது குண்டு விழுந்தது.

கடிதம் எழுதிய சிப்பாய் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனைப் பார்த்து இலேசாகப் புன்னகைத்தான். தலை சாய்ந்தது. எங்கிருந்தோ ஒரு வயலின் ஆரம்பித்தது.

பாலைவனத்தில் வயலின் வாசித்தவன் யார் என்று தொமினிக் கேட்கப்போகிறார் என்று கொட்டகையே காத்திருந்தது. அவரும் வாயைத் திறந்துவிட்டார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பினாள்.

ஓதெத். அவள் கணவன் ஜான்-பத்திஸ்த் நாற்பத்திரண்டில் அப்படியொரு முற்றுகையில்தான் செத்துப்போனான். கொட்டகைப் பக்கமே வராதவள், என்ன படம் என்று கேள்விப்பட்டு இன்றைக்கு வந்திருந்தாள்.

“முசே, இதுவும் தப்புதானா?”

நியாயமான கேள்வி. டாங்கி பொய், பேனா பொய், வானம் பொய் என்று ஒரு மணி நேரமாக அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பட்டாளத்திலிருந்து வந்த காகிதத்தில் இருந்தது ஒரே வரி. நாட்டுக்காக உயிர் நீத்தார். எப்படி என்று அதில் இல்லை.

தொமினிக் திரையைப் பார்த்தார். செத்துக் கிடந்தவனின் முகத்தில் மணல்கூட ஒட்டவில்லை.

“இல்ல மதாம். இது ஒண்ணத்தான் சரியா எடுத்திருக்கான். இப்படித்தான் இருக்கும். வலி தெரியறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

ஓதெத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கைக்குட்டையை எடுத்தாள். அழுதாளா, வியர்வையைத் துடைத்தாளா என்று இருட்டில் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் படத்தில் தப்புக்குக் குறைவில்லை. இன்னொரு அமெரிக்க டாங்கி வந்தது. ஒரு ஜெர்மன்காரன் பிரெஞ்சுத் துப்பாக்கியோடு ஓடினான். மூன்றாவது வரிசையில் சத்தமே இல்லை. கிழவர் தூங்கிவிட்டாரோ என்று தணிகாசலம் வந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

தொமினிக் விழித்துத்தான் இருந்தார்.

அந்த முற்றுகையில் தான் வேறு படைப்பிரிவு, ஜான்-பத்திஸ்தை அங்கே பார்க்கவே இல்லை என்று ஊர் திரும்பிய நாளிலிருந்து அவர் ஓதெத்திடம் சொல்லிவருகிறார்.

ஜான்-பத்திஸ்த் சாக இரண்டு நாள் ஆயிற்று. கிடங்குக் கூடாரத்தில்தான் அவனைக் கிடத்தியிருந்தார்கள். விழிப்பு வந்தபோதெல்லாம் தமிழில் தண்ணீர் கேட்டான். அந்தக் கூடாரத்தில் தமிழ் தெரிந்தவர் தொமினிக் ஒருவர்தான். தண்ணீர்ப் பீப்பாயின் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

பிழைக்க மாட்டாதவர்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

தொமினிக் அதிகாரி சொல்லை மீறவில்லை.