தலையணை மூட்டை

மூட்டைக்காரருக்குத் தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஒரு தலையணையைக்கூடத் தூக்க முடியவில்லை. முதியோர் இல்லக் கூடத்தில் அவருடைய கதையைச் செல்போனில் படமாக்குகிறார்கள். குரல் பதிவாகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்துப் புகைப்படம்தான் ஒன்றுகூட இல்லை. கூலியாளை யார் படம் பிடித்தார்கள்? தான் சுமந்தது படத்தில் தெரிந்தே ஆகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் பக்கத்து அறைத் தையற்காரம்மா, இரண்டு தலையணைகளைப் போர்வையில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் நரைமுடியில் வழிகிறது.

“நல்லா குனிம்மா. பஞ்சு தூக்குற மாதிரி இருக்கு.”

“பஞ்சுதானேண்ணே இது.”

போனைப் பிடித்திருக்கும் நர்ஸின் கை சிரிப்பில் ஆடுகிறது. தையற்காரம்மா பல்லைக் கடித்து, முக்கி, தள்ளாடி வருகிறாள்.

“இதேதான். இது நானேதான்” என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிடுகிறார்.

“அடுத்து என் கதையை எடுக்கும்போது நீங்கதான் என் மாமியார். மறந்துடாதீங்க” என்று தையற்காரம்மா மூட்டையை இறக்குகிறாள்.

அந்த வேஷம் கட்டவேண்டிய கடன் அவருக்கு இன்னும் பாக்கி.