ஆளில்லாமல் நாட்டியம் பார்க்கப் போன கவுன்

சௌதாமினியின் பீரோவில் ரோஜா நிறத்தில் ஒரு கவுன் தொங்கியது. அந்திமேகத்தைக் கிழித்து அடுக்கடுக்காகத் தைத்த மாதிரி இருக்கும். இடுப்பில் ஒரு பட்டுப்பூ வேறு. ஒரே ஒரு பார்ட்டிக்குத்தான் போய்வந்தது. அன்று எடுத்த போட்டோவை ஊரே பார்த்துவிட்டதே, அப்புறம் அதையே மறுபடி யார் போடுவார்கள்?

"பூங்காவில் நாட்டியமாம். புதுசு ஒண்ணைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. இனிமே நான் வெளியே போகவே மாட்டேனா அக்கா?" என்று கவுன் விசும்பியது.

கதவு ஆணியில் தொங்கிய நைட்டி சிரித்தது. "மேலே ஒரு துண்டைப் போட்டா நான் ஊரெல்லாம் சுத்துறேன். உனக்கு ஆளு எதுக்குடி? கடல்காத்து வருது, ஏறிக்கோ."

ஏறிக்கொண்டது. நம்பாதவர்கள் அந்தக் காற்றைக் கேட்டுக்கொள்ளலாம். தென்னை உச்சிகளை உரசி, மல்லிகை வாசத்துக்குள் புகுந்து புறப்பட்டு, பூங்காப் புல்லுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது கவுன். உள்ளே ஆளில்லை என்று யாராவது கத்திவிடுவார்களோ என்று அதற்கு நடுக்கம்.

யாரும் கத்தவில்லை. "என்னம்மா இப்படி இளைச்சுட்டே, என்ன சாப்பிடறே?" என்று பொறாமையோடு விசாரித்தார்கள்.

மேடையில் சலங்கை தொடங்கிய வேளையில் சௌதாமினியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கவுன் மூச்சடக்கி நின்றது. அவள் அதன் ஓரத்தை ஆசையாகத் தடவினாள்.

"எங்கே எடுத்தீங்க? இதே மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்."